உப்புக்குப் போக மிஞ்சிய காற்று

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் படம் போட்டிருந்தார். குடும்பத்தோடு தென்காசிப் பக்கம் போனபோது எடுத்ததாம். பின்னால் வரிசையாகப் பெரிய பெரிய காற்றாலைகள், முன்னால் அவருடைய தொப்பை. "இதைப் பாத்ததும் காத்தாடி வீட்டு ஞாபகம் வந்துச்சு" என்று கீழே ஒரு வரி. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அது கரண்ட் எடுத்தது என்கிறார் ஒருவர். இல்லை, தண்ணீர் இறைத்தது என்கிறார் இன்னொருவர். அது ஓடவே இல்லை, காக்காய் விரட்டத்தான் வைத்திருந்தார்கள் என்று மூன்றாவதாக ஒரு அறிவாளி. அந்தக் காத்தாடி வீட்டுப் பெண் இதே குழுவில்தான் இருக்கிறாள் என்பது ஒருவருக்கும் நினைவில் இல்லை.

எனக்கு அந்தப் பெயரை வைத்தது உங்களில் யார் என்பது தெரியும். இந்த வயதிலேயே தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு, ரத்தக்கொதிப்பு மாத்திரை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் மன்னித்து விடுகிறேன். ஆனால் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். அது தண்ணீரும் இறைத்தது, கரண்டும் எடுத்தது. முதலில் ஒன்று, பிறகு மற்றது. எங்கள் அப்பா அதை மாற்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் காரணம் தோன்றியிருக்காது.

கடல் உள்ளே வந்துவிட்டுப் போன மறு வருஷம் அது. நாம் எட்டாம் வகுப்பு. அளத்தில் எல்லாப் பாத்திகளிலும் கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு. அதை வழித்து எடுத்து, தரையை மறுபடி மிதித்து இறுக்கி, வரப்பு கட்டி, உப்புத் தண்ணீர் பாய்ச்சுவதற்குள் வெயில் காலம் பாதி போய்விட்டது. உப்பு தாமதமாகத்தான் பூத்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் இதுதான் மூலம்.

அப்பா அந்த அளத்தில் என்ஜின்காரர். நிலத்தடி உப்புத் தண்ணீரை ஆயில் என்ஜின் வைத்துப் பாத்திக்கு ஏற்றுவது அவர் வேலை. அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் டீசல் வாசனை வந்துவிடும். அம்மா உப்பு வாருகிறவள். நீளக் கொம்பு வைத்த பலகையால் உப்பை இழுத்துக் குவித்து, பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் அள்ளி, தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்ட வேண்டும். இருட்டு பிரிவதற்குள் ஆரம்பித்து, உச்சி வெயிலுக்கு முன் முடிக்கிற வேலை. இதில் ஒருத்தியாக யாரும் வேலை செய்ய முடியாது. ஒருத்தி தலைக்கு இன்னொருத்திதான் பாண்டைத் தூக்கிவிட வேண்டும். அதனால் ஆட்கள் எல்லாம் ஜோடி ஜோடியாகத்தான். ஜோடி வராத நாளில் வந்தவளுக்கும் வேலை கிடையாது.

அம்மாவின் ஜோடி எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு அத்தை. உறவு ஒன்றும் இல்லை, அத்தை என்று கூப்பிட்டுப் பழக்கம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போகும்போது மட்டும் வாயை மூடியிருப்பாள். மற்ற ஆறு நாளும் அவள் வாய்க்கு மேஸ்திரி முதல் ஓனர் வரை எல்லோரும் பயப்படுவார்கள். அம்மா அதற்கு நேர் எதிர். பேசவே மாட்டாள். ஆனால் இரண்டு பேரும் பாண்டு தூக்கிவிடும்போது பார்த்தால், யார் எப்போது குனிகிறாள், யார் எப்போது நிமிர்கிறாள் என்று ஒரு சொல் பேசாமலே நடக்கும்.

சேறு வழித்தபோது அம்மாவின் வலது காலில், சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில், கிளிஞ்சலோ கண்ணாடியோ கிழித்துவிட்டது. வேறு வேலையில் இருந்தால் நாலு நாளில் மறந்துபோகும் காயம். உப்புத் தண்ணீரில் நின்றால் மறக்காது. மேலே மூடும், உள்ளே சீழ் வைக்கும், மறுபடி வெடிக்கும். அம்மா காலில் பாலிதீன் பையைக் கட்டி, மேலே சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு போவாள். பைக்குள்ளும் உப்புத் தண்ணீர் போய்விடும். திரும்பி வந்து அவள் அதைக் கழற்றும்போது நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.

மரக்காணம் ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா பார்த்துவிட்டுத் திட்டினார். "வேலை முடிஞ்ச உடனே நல்ல தண்ணியில கழுவணும். நல்லா ஊறக் கழுவி, துடைச்சு, மருந்து போடணும். வூட்டுக்குப் போயி கழுவிக்கலாம்னு நடந்தீன்னா அதுக்குள்ள உப்பு உள்ள காஞ்சிடும். இல்லன்னா கொஞ்ச நாளைக்கு அளத்துக்குப் போகாத."

அம்மா போகாமல் இருக்க மாட்டாள். அவள் நின்றால் அத்தைக்கும் வேலை நின்றுபோகும். அத்தை வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேறு யாரும் இல்லை. "ஒரு பத்து நாளு வூட்ல கிட, நான் எப்படியோ சமாளிச்சிக்கிறேன்" என்று அத்தையே சொன்னாள். அம்மா மறுநாள் இருட்டோடு எழுந்து பாலிதீன் பையைத் தேடினாள்.

அப்பா வீட்டிலிருந்து சைக்கிளில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோய் வைத்தார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அம்மா அதில் ஒரு சொம்புதான் எடுத்துக்கொண்டாள் என்று. மீதியை மற்ற பெண்கள் காலில் ஊற்றிவிட்டாள். எல்லோருக்கும்தான் காலில் வெடிப்பு, எல்லோருக்கும்தான் எரிச்சல். அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்க, தான் மட்டும் உட்கார்ந்து கால் கழுவுவது அம்மாவால் ஆகாத காரியம். அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அப்ப ஊருக்கே தண்ணி கொண்டாந்து ஊத்தணுமா நானு?" என்று கத்தினார். கத்தி முடித்ததும் அதையே யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் இல்லாமல் இல்லை. அளத்துக்குக் கிழக்கே, கடல் பக்கம், பனைமரங்கள் நிற்கிற மணல்மேட்டில் ஒரு உறை கிணறு இருந்தது. நல்ல தண்ணீர்தான். கயிறு போட்டு இறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். உப்புப் பலகை இழுத்து உரிந்த கையால் கயிறு இழுத்துப் பாருங்கள், தெரியும். குடிக்க ஒரு செம்பு இறைப்பதற்கே முகத்தைச் சுளிப்பார்கள். சரி, என்ஜின் வைத்து இறைக்கலாமே என்றால், அது மணல் ஊற்று. மெதுவாகச் சுரக்கும். ஒரேயடியாக உறிஞ்சினால் சேறும் உவரும் ஏறிவிடும்.

அந்தச் சமயத்தில் இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் என்ஜின் ரிப்பேர் என்று அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். போனவர் அங்கே ஒரு காற்றாடி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதைப் பார்த்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நாள் முழுக்க. அன்று சாயங்காலம் தட்டில் சோற்றை விரலால் வட்டமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். "சோறு வேணாம்னா சொல்லுங்க" என்று அம்மா தட்டை எடுத்துப் போனாள்.

பிறகு எங்கள் வீடு பழைய இரும்புக் கடை ஆனது. நசுங்கிப்போன ஒரு வேனின் முன்சக்கர ஹப் வந்தது. கெட்டுப்போன கைப்பம்பு ஒன்று வந்தது. பல்பொடி விளம்பரத் தகரம் ஒன்று வந்தது, அது வால். சவுக்குக் கழிகள் மூன்றைச் சேர்த்துக் கட்டிக் கால். இறக்கைக்கு என்ன செய்வது என்று ரொம்ப நாள் அலைந்தார். மரம் கனமாக இருந்தது, தகரம் வளைந்தது. கடைசியில் அனுமந்தைக் குப்பத்தில் கடல் தூக்கி அடித்து இரண்டாக உடைத்துப் போட்டிருந்த ஒரு ஃபைபர் படகைக் கண்டுபிடித்தார். படகுக்காரருக்குப் புதுப் படகு வந்திருந்தது. பழசை என்ன செய்வதென்று தெரியாமல் மணலில் அப்படியே விட்டிருந்தார். அப்பா கேட்டதற்கு, "எடுத்துக்கோப்பா. என் கண்ணு முன்னால மட்டும் அறுக்காத" என்றாராம்.

எங்கள் வீட்டு வாசலில்தான் அறுத்தார். படகின் வயிற்றுப் பக்கம் ஏற்கெனவே இறக்கைக்கு வேண்டிய வளைவோடு இருந்தது. ஃபைபர் தூள் பறந்து பாய், துணி, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் படிந்தது. எல்லோருக்கும் உடம்பு முழுக்க அரிப்பு. நான் வகுப்பில் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்ததையும், சிரங்கு என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இடம் மாறியதையும் நான் மறக்கவில்லை. அவளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள்.

கிணற்றுமேட்டில் அதை நிறுத்திய அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடல்காற்று வந்தது. நம் ஊர்க் காற்று அது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் யாரோ கதவைத் திறந்துவிட்டதைப்போல் வரும். நீலமும் வெள்ளையுமாக இறக்கைகள் முதலில் தயங்கின, பிறகு சுற்றின. ஹப்பில் வைத்த வளைந்த கம்பி மேலும் கீழும் போய், கைப்பம்பின் தண்டை இழுத்தது. டக்… டக்… என்று ஒரு சத்தம். குழாயில் முதலில் காற்று, பிறகு துரு, பிறகு ஒரு விரல் கனத்தில் தண்ணீர். "இவ்ளோதானா?" என்று நான் கேட்டேன். "இவ்ளோதான். ஆனா நீ தூங்குற வரைக்கும் வரும்" என்றார் அப்பா.

மறுநாள் வேலை முடிந்து பெண்கள் கிணற்றுமேட்டுக்கு வந்தபோது, குழாய்க்குக் கீழே அப்பா வைத்திருந்த நீல டிரம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அன்று பள்ளிக்கூடம் லீவு, நான் இருந்தேன். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்த கால்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பாக மாறியதைப் பார்த்தேன். தண்ணீர் பட்டதும் வெடிப்புக்குள் எரியும், பல்லைக் கடித்துக்கொள்வார்கள், அப்புறம் முகம் தளரும். யாரோ ஒருத்தி வெட்கமில்லாமல் பாடினாள். எல்லோரும் கழுவிய பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள். டிரம்மில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதுதான் அப்பாவின் கணக்கு. எல்லோருக்கும் போக மிஞ்சினால்தான் அவளுக்குக் கிடைக்கும் என்று தெரிந்துதான் அவ்வளவு பெரிய டிரம்மாகப் பார்த்து வைத்திருந்தார்.

கொஞ்ச நாளில் புண்ணின் ஓரம் சிவப்பு குறைந்தது. அம்மா பாலிதீன் பையைக் கழற்றும்போது நான் வெளியே போவதை நிறுத்தினேன்.

அப்போதுதான் மேஸ்திரி வந்தார்.

அளத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும், எந்தப் பாத்தியில் எப்போது வாருவது என்று சொல்வதும் அவர்தான். மெலிந்த ஆள். சைக்கிளில் வரப்பு வரப்பாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். அவர் காற்றாடியைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னால் இருந்த பாத்திகளைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து, காற்றாடிக்கு முன்னால் நின்று தூக்கிப் பிடித்தார். துண்டு படபடவென்று அடித்தது. காற்றாடிக்குப் பின்னால் போய்த் தூக்கிப் பிடித்தார். துண்டு தொங்கியது.

"பாத்தியாப்பா? என் காத்தை நீ புடிச்சிக்கிற" என்றார்.

அப்பா சிரித்துவிட்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை. "உப்பு ஏன் லேட்டா பூக்குதுன்னு ஓனரு என்னைப் போட்டுக் கொல்றாரு. இப்பத்தான் தெரியுது. காத்து பாத்தி மேல வந்தாத்தானே தண்ணி காயும்? வழியிலயே நீ எடுத்துக்கினா?"

"இன்னா மேஸ்திரி, இத்துனூண்டு ரெக்கை. நாலு அடி தள்ளி நின்னு துண்டைப் புடிங்க, நல்லா அடிக்கும்."

"இத்துனூண்டுன்னுதான் சவுக்கு நட்டப்பவும் சொன்னாங்க."

அது நிஜமாகவே நடந்தது. அவர் வாலிபமாக இருந்தபோது கடற்கரையோரம் சவுக்குத் தோப்பு வைத்தார்களாம். கன்றாக இருந்தவரை ஒன்றுமில்லை. மரம் வளர்ந்ததும் அதற்கு நேர் பின்னால் இருந்த அளத்தில் காற்று நின்றுபோய், உப்பு பூக்காமல் தண்ணீர் தண்ணீராகவே கிடந்ததாம். அந்த அளத்தை அப்படியே கைவிட்டார்கள். அங்கே வேலை செய்த குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போயின. அதில் அவருடையதும் ஒன்று. அதனால் அவரை முட்டாள் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு நானும் அத்தையும் அப்படித்தான் நினைத்தோம். இப்போது யோசித்தால், நாலு இறக்கையை ஒரு தோப்பாகக் கணக்குப் போட்டதுதான் அவருடைய தப்பு. மற்றபடி காற்றை இழந்தால் என்ன ஆகும் என்று எங்கள் அளத்தில் அனுபவித்துத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

ஓனர் காதுக்கும் போய்விட்டது. அப்பா ஒரு கயிற்றை எடுத்து இறக்கையைக் கட்டிப்போட்டார். அந்த ஓனருடைய என்ஜினைத்தானே அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்? கட்டிய முடிச்சை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

டிரம் காய்ந்தது. அம்மாவின் கால் மறுபடி வீங்கியது. சுண்டுவிரல் நுனி கறுக்க ஆரம்பித்தது. நர்ஸ் அம்மா இந்தத் தடவை திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. "இது இப்படியே போச்சுன்னா வெரலை எடுக்க வேண்டி வரும். அப்புறம் தலையில சுமையோட உன்னால நிக்க முடியாது" என்று அமைதியாகச் சொன்னார்.

அத்தை மறுநாள் வேலையை நிறுத்திவிட்டு நேராக மேஸ்திரியிடம் போனாள். "யோவ், ஒரு பொம்பளை வெரலை விட உன் காத்து பெரிசா? நீயெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தானே துன்ற?" இன்னும் என்னென்னவோ. எழுத முடியாது, குழுவில் நம் பிள்ளைகளும் எட்டிப் பார்க்கிறார்கள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, "உப்பு எறங்கலன்னா உங்க எல்லாருக்கும்தான் வேலை இல்லை. நான் இன்னா பண்ணுவேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு அம்மா பேசினாள். அவள் மேஸ்திரியிடம் அவ்வளவு பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணா, காத்து எப்படி வருது? கடல்லேர்ந்து வந்து, பாத்தி எல்லாம் தாண்டி, ரோட்டுப் பக்கமாப் போவுது. சரிங்களா?"

"ஆமா."

"உப்பு மேல போயிட்டு அப்பால ரோட்டுக்குப் போற காத்து உங்களுக்கு வேணுமா?"

மேஸ்திரி யோசித்தார். நிஜமாகவே நின்று, மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்து யோசித்தார். "அது எனக்கு இன்னாத்துக்கு?"

"அப்போ அந்தக் காத்தை நாங்க எடுத்துக்கிறோம்."

அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. உப்புக்கு வேலை செய்து முடித்துவிட்டுப் போகிற காற்று, யார் எடுத்தால் என்ன? "எடுத்துக்கோம்மா, தாராளமா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்பாதான் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "மேக்கால நல்ல தண்ணி ஏது? கெணறு கெழக்கால இருக்குது. காத்தாடியை அங்க வெச்சிட்டு தண்ணியை இங்க எப்படி எடுக்கிறது?"

"அதை நீங்க பாத்துக்குங்க" என்றாள் அம்மா. "காத்து நான் வாங்கிக் குடுத்துட்டேன்."

காற்றாடி கரண்ட் எடுக்க ஆரம்பித்தது இப்படித்தான். கிணறு கிழக்கில், காற்றாடி மேற்கில். நடுவே தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒன்று பாட்டரிதான். ஒரு லாரியின் பழைய ஆல்டர்னேட்டரை அப்பா கொண்டுவந்து காற்றாடியில் மாட்டினார். இறக்கை அழகாகச் சுற்றியது, கரண்ட் ஒரு பொட்டு வரவில்லை. லாரி ஓடுகிற வேகத்துக்குச் சுற்றினால்தான் அது வேலை செய்யும். ஹப்பில் சைக்கிள் ரிம்மை வைத்து, அதிலிருந்து பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டரின் சின்னச் சக்கரத்தை வேகமாகச் சுற்ற வைத்தார். வந்தது. சின்ன பல்பு மினுக்கியது. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், எட்டாம் வகுப்புப் பெண்ணை.

மறுநாள் காலையில் பாட்டரி செத்துக் கிடந்தது. முந்தின நாள் இருந்ததும் போய்விட்டது. அந்த ஆல்டர்னேட்டர் வேலை செய்வதற்கே பாட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் எடுக்கும். காற்று அடித்தால் எடுத்ததற்கு மேல் திருப்பிக் கொடுக்கும். காற்று நின்றுபோனால் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே காற்று வரும்போது சுவிட்சைப் போட வேண்டும், விழும்போது அணைக்க வேண்டும். அப்பா அளத்தின் இன்னொரு மூலையில் என்ஜினோடு இருப்பார். அம்மாவும் அத்தையும் மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தால் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடம்.

அத்தைதான் மேஸ்திரியிடம் குத்தலாகச் சொன்னாள். "நாள் பூரா காத்தைத்தானே மோந்து பாத்துக்கினு சுத்துற? அந்தச் சுச்சையும் நீயே போட்டு நிறுத்தேன்."

திட்டுகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவர் அதை வேலையாக எடுத்துக்கொண்டார். கடல்காற்று வருவதற்குக் கொஞ்சம் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பாத்தித் தண்ணீரின் மேல் எந்தப் பக்கம் சுருக்கம் விழுகிறது என்று பார்ப்பார், சைக்கிளை ரோட்டுப் பக்கம் திருப்புவார். சாயங்காலம் காற்று தளரும்போது சரியாக அங்கே இருப்பார். அவர் கை பட்ட பிறகு பாட்டரி ஒருநாள்கூடச் சாகவில்லை. கொஞ்ச நாளில் காலையில் பாட்டரியைக் கழற்றி, சைக்கிள் கேரியரில் டியூப் போட்டுக் கட்டி, கிணற்றுமேட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுவதும் அவரே ஆனார். படகில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற குட்டி மோட்டார் ஒன்றை அப்பா பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடையில் பிடித்திருந்தார். அதைக் கிணற்றில் இறக்கி, ஊற்று கலங்காமல் கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, பெண்கள் மேட்டுக்கு வருவதற்குள் டிரம்மை நிரப்பி வைத்துவிடுவார். கேட்டால், "ஊத்தைக் கலக்கிடுவீங்க நீங்க, அதான்" என்பார்.

ஆடி மாதம் மேல்காற்று அடித்தபோது அத்தை அவரை மடக்கினாள். "இப்பக் காத்து மேக்காலேர்ந்து வருதே, காத்தாடிதானே மொதல்ல புடிச்சிக்குது? இப்ப இன்னா சொல்ற?" அவர் அசரவில்லை. "இந்தக் காத்து ரோட்டுப் புழுதியை எல்லாம் அள்ளிக்கினு வந்து உப்பைக் கெடுக்குது. இதை யாரு வேணாலும் புடிச்சிக்கட்டும்."

உப்பு அந்த வருஷம் தாமதமானாலும் நன்றாகத்தான் இறங்கியது. காற்றாடியை இடம் மாற்றியதால் என்று மேஸ்திரி நம்பினார். சேற்றுத் தரை பழையபடி இறுகியதால் என்று அப்பா சொன்னார், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. அப்பா அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

அம்மாவின் விரல் மெதுவாகத்தான் ஆறியது. கறுப்பு மேலே ஏறாமல் நின்றது, தோலாக உரிந்தது, கீழே பிள்ளைகளின் தோலைப்போல் வெளுப்பாகப் புதுத் தோல். நர்ஸ் அம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே எடுக்க வேணாம். பொழைச்சுது போ" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்து, "வெரலுக்குப் போய் அழுவுறியே" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. நானும் அம்மாவோடு அளத்துக்குப் போனேன். வேலை முடிந்து பெண்கள் ஒவ்வொருவராகக் கால் கழுவினார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அம்மாவின் காலை ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள். கழுவி முடித்து எழுந்த அம்மா, மோட்டார் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியைப் பார்த்தாள்.

"அண்ணா, தெனமும் தண்ணி எடுத்து வெக்கிறீங்க. நீங்க ஒரு நாளு கூட கழுவலையே. வாங்க."

"எனக்கு இன்னாம்மா, நான் இன்னா பாத்தியிலயா நிக்கிறேன்?"

"மழுப்பாத. ஒக்காருய்யா" என்றாள் அத்தை. "ஷூவோட தூங்குற ஆளு நீ. அந்த நாத்தத்தை இன்னிக்கிக் கழுவிடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எப்போதும் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். மேஸ்திரி ஆனதால் வந்த மிடுக்கு என்று பேசிக்கொள்வார்கள். அன்று ஏனோ அவர் மறுக்கவில்லை. கல்லின் மேல் உட்கார்ந்து, கயிறுகளை மெதுவாக அவிழ்த்து, ஷூவைக் கழற்றினார்.

வலது காலில் மூன்று விரல்தான் இருந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இருந்த இடம் வழவழவென்று தைத்த தழும்பாக இருந்தது. ஷூவின் முனையில் துணி சுருட்டி அடைத்து வைத்திருந்தார்.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அத்தை கையில் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அந்தப் பருவம் முழுக்க அவரைப் பேசாத பேச்சில்லை.

"அந்தச் சவுக்குத் தோப்பு அளத்துல" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "எனக்கும் ஜோடி இருந்தான். நான் நின்னா அவனுக்கு வேலை போயிடும்னு நிக்காம போய்க்கினே இருந்தேன்." ஷூவுக்குள் இருந்த துணியை விரலால் அழுத்திக்கொண்டே சொன்னார்: "அப்பல்லாம் கழுவுறதுக்குத் தண்ணி ஏது."

அத்தை அவர் முன்னால் குந்தினாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, எரியாதபடி ஊற்றினாள். சொம்பு காலியானதும் அம்மா அதை வாங்கிப்போய் மறுபடி மொண்டுகொண்டு வந்தாள்.